கெட்டித் தண்ணீர்: வரவும் செலவும்

பழைய எண்ணெய் வயல்களில் பல, பேருக்குத்தான் எண்ணெய் வயல்கள். மேலே வருவது பெரும்பாலும் தண்ணீர். எண்ணெயைத் தள்ளுவதற்காகக் கிணறுகள் வழியே செலுத்திய அதே தண்ணீர். பாறைக்குள் எண்ணெய் பிசுபிசுப்பாக மெதுவாக நகரும்; நீரோ எளிதாக ஊடுருவவிடும் அடுக்கைப் பிடித்து, எண்ணெயைச் சுற்றிக்கொண்டு உற்பத்திக் கிணற்றை எட்டிவிடும். ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் பிறகு அதிலேயேதான் ஓடும்.

பாலிமர் செலுத்துவது இந்த ஓட்டத்தைத் திருத்தத்தான். ஒரு லிட்டர் நீரில் ஓரிரு கிராம் பாலிஅக்ரிலமைடு வகைத் தூளைக் கரைத்தால் போதும், நீர் கஞ்சிபோலக் கெட்டியாகிவிடும். நிதானமாக, பரவலாக நகர்ந்து, முன்பு தீண்டாமல் விட்ட பகுதிகளுக்குள்ளும் புகும். நுண்துளைகளில் சிக்கிக் கிடக்கும் எண்ணெயைக் கழுவி எடுப்பது இதன் வேலையல்ல; அதற்குச் சோப்பு வகை வேதிப்பொருள்கள் வேண்டும். (பாலிமரின் மீள்தன்மையால் அதிலும் கொஞ்சம் கழன்று வரும் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.)

இம்முறைக்கு எப்போதும் காட்டப்படும் சான்று சீனாவின் தாச்சிங். 1959-இல் கண்டறியப்பட்ட அந்த வயலில் 1996 முதல் பெரிய அளவில் பாலிமர் இறங்கியது. பாறையில் ஆதியில் இருந்த எண்ணெயில் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது. மறுக்க முடியாத சாதனை. ஆனால் தாச்சிங் பாறையின் வெப்பம் சுமார் 45 டிகிரி செல்சியஸ்தான். நீரில் உப்பும் குறைவு. பாலிமருக்கு இவ்வளவு இணக்கமான இடம் எளிதில் அமையாது. உப்பு மிகுந்தால் அதன் நீண்ட சங்கிலிகள் சுருண்டுவிடும். அதே கெட்டிக்கு இன்னும் தூள் கொட்ட வேண்டும். வெப்பம் 70 டிகிரியைத் தாண்டி, நீரில் கால்சியமும் இருந்தால் பாலிமர் காலப்போக்கில் வீழ்படிவாகிவிடும். குறுகிய வால்வு வழியே வேகமாகத் தள்ளினாலே சங்கிலி அறுந்துபோகும். தாச்சிங்கின் விழுக்காட்டை எந்த வயலுக்கும் பொருத்திக் காட்டும் திட்டக் கணக்குகளை நம்ப மனம் வருவதில்லை.

அந்தக் கணக்குகளில் பெரும்பாலும் மெலிந்திருப்பது மேற்பரப்புச் செலவு. உள்ளே போன பாலிமர் ஒருநாள் எண்ணெயோடு திரும்பி வரும். அப்போது எண்ணெயையும் நீரையும் பிரிப்பது கடினம். சூடேற்றும் கருவிகளின் குழாய்களில் படிந்து ஒட்டிக்கொள்ளும். கடலோர வயல்களில் அந்த நீரைக் கடலில் விடவும் தயக்கம், ஏனெனில் பாலிமர் எளிதில் மக்காது. பாலிமரே நஞ்சு என்ற அச்சம் மட்டும் மிகை. ஐயத்துக்குரியது அதன் மூலப்பொருளான அக்ரிலமைடுதான்.

முதுமைக்குக் காத்திராமல் இறங்கியது இராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்து மங்களா வயல். 2009-இல் உற்பத்தி, 2014-இல் வயல் அளவிலான பாலிமர். நீர் தன் தடங்களை ஆழப் பதிக்கும் முன்பே கெட்டி நீரை அனுப்பும் இந்த வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது. நோய் முற்றியபின் தரும் மருந்தாக இதைப் பார்ப்பதில்தான் பாதி வீண்செலவு.

ஆனால் முன்கூட்டியே இறங்குபவரும் தூளின் விலையை இன்று கொடுத்து, எண்ணெய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், அடுத்த சனவரியில் 50 டாலருக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் தூளை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்றால், பின்னால் வரும் வெறும் நீர் முன்னே போன கெட்டி நீரையே துளைத்துக்கொண்டு ஓடிவிடும்.