சாக்கெட்டைச் சுற்றி

மதர்போர்டு வாங்கப் போகிறவர்களின் கண் வண்ண விளக்குகளில் விழுகிறது. எனக்கோ பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் கறுப்புச் சதுரங்கள்தான் அழகு. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ ஒரு வோல்ட்டாக இறக்கி பிராசஸருக்கு ஊட்டுபவை அவை. ரைசன் 9 7950எக்ஸ் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும். அவ்வளவு தாழ்ந்த வோல்ட்டில் அது 200 ஆம்பியரை நெருங்கும் மின்னோட்டம்! மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் ஆகும்போதும் அதைத் தடுமாறாமல் தருவதுதான் நல்ல போர்டு. ஆகவே அந்தச் சதுரங்களின் மேல் உட்காரும் அலுமினியத்தைக் கவனியுங்கள். கனமாக, காற்றுப் புகும் மடிப்புகளோடு இருக்க வேண்டும். வெறும் அலங்கார மூடி உதவாது.

2000-களின் தொடக்கத்தில் மட்டமான கெப்பாசிட்டர்கள் உப்பிக் கசிந்து, உலகெங்கும் ஏராளமான போர்டுகள் செத்தன. உள்ளிருந்த திரவத்தின் குறை அது. இன்று சாக்கெட்டருகே திட பாலிமர் கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டது பெரிய நிம்மதி.

ராம் செருகிடத்துக்கும் பிராசஸருக்கும் இடையே சிக்குக் கோலம்போல் நெளியும் செம்புக் கோடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? நீளங்கள் ஒத்துப்போனால்தான் சமிக்ஞைகள் சேர்ந்தாற்போல் போய்ச் சேரும். குறுக்குவழி கிடைத்த கோட்டையும் வேண்டுமென்றே சுற்றவிட்ட அந்த வரைகலைஞரின் பொறுமையை வியக்கிறேன்.

விலையின் உச்சிக்குப் போகத் தேவையில்லை. பிராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்பக்கம் இருந்தால், அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். புதுத் தலைமுறை பிராசஸர் வாங்கும்போது அதன் அருமை தெரியும்.