கவுனுக்குள் ஒரு கவுன்

வீட்டிலேயே தைத்தது என்று யாராவது கையில்லாத கவுன் ஒன்றைக் காட்டினால், நான் முதலில் பார்ப்பது கழுத்து விளிம்பை. உள்ளே இருக்கும் லைனிங் ஓர் இழைகூட வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அது சரியாக இருந்தால், மீதியை நிதானமாக ரசிக்கலாம்.

நம் ஊர் ஜாக்கெட்டுக்கும் லைனிங் உண்டு. அதன் வேலை வேறு. மேல்துணியையும் லைனிங்கையும் சேர்த்து ஒரே துணியாகப் பாவித்து டாட் பிடித்துவிடுவார்கள். பட்டின் தையல் பிரியாமல் இழுவையைத் தாங்க அதுதான் சரி. கவுனின் லைனிங் அப்படி ஒட்டிக் கிடப்பதில்லை. கழுத்தையும் கைக்குழியையும் ஜிப் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, கீழே தன்போக்கில் தொங்கும். ஆகவே ஒரே பேட்டர்னில் இரண்டு துணியையும் அச்சு அசலாக வெட்டினால் கவுன் கோணிக்கொள்ளும். கழுத்தும் கைக்குழியும் வரும் விளிம்பில் லைனிங்கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். அப்போதுதான் தையல் தானாக உட்புறம் உருளும். மேல்துணியில் டாட்டை ஒரு பக்கம் படிய வைத்தால், லைனிங்கில் எதிர்ப்பக்கம். இல்லையேல் இடுப்பில் தடித்த மேடு தெரியும். அந்த டாட்டைத் தைக்காமல் மடிப்பாகவே விடுபவர்களும் உண்டு. நெய்த துணி பனியன் துணிபோல இழுபடாது. உட்கார்ந்து எழ லைனிங்குக்கு அந்த மடிப்பு இடம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

பேட்டர்ன் காகிதத்தின் கதை பழையது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் ஸ்டெர்லிங் என்ற ஊரில் இருந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் அளவு வாரியான காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓஃபன்பர்க்கில் 1950-இல் ஏனே புர்தா தொடங்கிய பத்திரிகையின் பேட்டர்ன் தாளோ இன்னொரு ரகம்: பல உடைகளின் கோடுகள் சிக்குக் கோலம்போல ஒன்றன்மேல் ஒன்று ஓடும், நமக்கு வேண்டியதை நாமே பிரித்து நகலெடுக்க வேண்டும். அமெரிக்க உறைப் பேட்டர்ன்களில் தையலுக்கான 5/8 அங்குலம் சேர்ந்தே இருக்கும். புர்தா பத்திரிகைத் தாளில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும். எதுவானாலும், முதலில் காடா துணியிலோ பழைய வேட்டியிலோ ஒருமுறை வெட்டிப் பார்ப்பது நல்லது.

லைனிங் துணிக்கு நமக்குக் கவலையில்லை. மேட்சிங் சென்டர் என்று ஊருக்கு ஊர் கடை வைத்து, ஒரே பச்சையில் இருபது பச்சை காட்டும் நாடு இது. பருத்தி லைனிங்கை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். நம் வெயிலுக்குப் பாலியெஸ்டர் லைனிங் வேண்டாம், அது எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும்.

இனிதான் வித்தை. இரண்டு துணியிலும் தோள்பட்டையை மட்டும் தனித்தனியே தைத்து, பக்கத்தையும் பின்நடுவையும் திறந்தே விடுவார்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் கழுத்தை ஒரு சுற்று, கைக்குழிகளை ஒவ்வொரு சுற்று தைத்தாயிற்று. வளைவுகளில் கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டு. இப்போது பார்த்தால் திருப்பவே வழியில்லாததுபோல் தோன்றும். முன்பக்கத்திலிருந்து இரண்டு துணிக்கும் நடுவே கையை விட்டு, பின்பாகத்தின் ஒரு பாதியைத் தோள்பட்டை வழியாக உருவி எடுக்க வேண்டும்; பிறகு மறுபாதியை. இரண்டும் வந்ததும் கழுத்தும் கைக்குழியும் ஒரு பிசிறு வெளியே தெரியாமல் முடிந்து கிடக்கும். முதலிலேயே பக்கத்தையும் தைத்துவிட்டால் இந்த வழி அடைந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் கணக்கில் புலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பக்கத்தையோ பிறகு லைனிங்கின் கீழ்முனையில் தொடங்கி, கைக்குழியைத் தாண்டி, மேல்துணியின் கீழ்முனைவரை ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம்.

அடிமடிப்பு இரண்டுக்கும் தனித்தனி. லைனிங் ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால் போதும். கடைசியில், பக்கத் தையலின் அடியில் மேல்துணியையும் லைனிங்கையும் இணைத்து ஒன்றரை அங்குலத்துக்கு நூலாலேயே ஒரு சங்கிலி பின்னுவார்கள். நடக்கும்போது லைனிங் மேலேறிச் சுருண்டுகொள்ளாமல் அது பிடித்துவைக்கும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எனவே கழுத்தைப் பார்த்த கையோடு நான் கவுனின் அடியையும் தூக்கிப் பார்த்துவிடுவேன்; தைத்தவர் முறைத்தாலும் பரவாயில்லை.