எண் தானே நகரும்

ஆரணியில் பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் மாலைபோலத் தொங்கும். வரிசை ஒன்று பிசகினாலும் மாங்காய்ப் புட்டாவின் மூக்கு கோணிவிடும். நடுவே புதிதாக ஓர் அட்டை சேர்க்க வேண்டுமானால் கயிற்றை அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் அந்தப் பாடு இல்லை. தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று ஸ்டைல் கொடுத்து, பல அடுக்கு எண்களை அவற்றோடு முடிந்துவிட்டால் போதும். முன்னால் ஓர் அத்தியாயத்தைச் செருகுங்கள், 3.2 சத்தமில்லாமல் 4.2 ஆகியிருக்கும். அந்த நகர்வைப் பார்ப்பதில் எனக்கொரு சின்னப் பிள்ளைச் சந்தோஷம். பொருளடக்கத்தில் கர்சரை வைத்து எஃப் 9 தட்டினால் பக்க எண்களும் திருந்தும். (தட்ட மறந்து அச்சுக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.)

இன்னமும் பொருளடக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கையால் அடித்து, பக்க எண்ணை ஓரத்துக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். தறிக்காரருக்காவது வேறு வழியில்லை.