தொட்டும் தொடாமலும்

தாயை இழந்த யானைக் குட்டியை வளர்த்து மீண்டும் காட்டுக்கு அனுப்பும் கலையில், சங்கீதத்தில் சொல்லப்படுவதுபோல, தெளிவாகப் பிரித்தறியத்தக்க இரண்டு பாணிகள் உண்டு. ஒன்று கென்யாவில் டாப்னி ஷெல்ட்ரிக் உருவாக்கியது. மற்றது இலங்கையின் உடவளவையில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1995இல் தொடங்கிய இடைத்தங்கல் முகாமில் வழங்குவது. குட்டியைப் பிழைக்க வைப்பது, பிறகு தன்னை மறக்க வைப்பது என்ற இரண்டு எதிரெதிர் வேலைகளை ஒரே கை செய்தாக வேண்டும் என்பதே இரு பாணிகளுக்கும் பொதுவான சிக்கலாகும். இவற்றின் நயம் அச்சிக்கலை அவிழ்க்கும் விதத்தில் வெளிப்படுகிறது.

முதற்சிக்கல் பால். பசும்பாலின் கொழுப்பு யானைக் குட்டிக்குச் செரிப்பதில்லை என்பதால், பல ஆண்டுகள் முயன்று தோற்ற டாப்னி, மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவோடு தேங்காய் எண்ணெய் சேர்ந்த கலவையே யானைப்பாலின் கொழுப்புக்கு ஈடாக நிற்கும் எனக் கண்டறிந்தார். 1974இல் அவ்வாறு வளர்ந்த ஐஷா என்னும் பெண்குட்டி, பால் ஒத்துக்கொண்ட பின்னரும் பிழைக்கவில்லை. மகளின் திருமணத்துக்காக டாப்னி வெளியூர் செல்ல நேர்ந்தபோது, அவர் ஒருவரையே தாயாகப் பற்றியிருந்த அக்குட்டி உண்ண மறுத்து நலிந்து இறந்தது. கென்யப் பாணியின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு சாவிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அவ்விலக்கணப்படி நைரோபிக் காப்பகத்தில் பராமரிப்பாளர்கள் இரவில் குட்டிகளின் கொட்டிலிலேயே படுத்துறங்குகிறார்கள்; ஆனால் எந்தக் குட்டியும் ஒரே ஆளைப் பற்றிக்கொள்ளாதிருக்க, இரவுதோறும் ஆள் மாறுகிறார்கள். நெருக்கம் குறைக்கப்படுவதில்லை, பங்கிடப்படுகிறது. பால் குடிக்கும் குட்டி தன் தும்பிக்கையைத் தாயின் வயிற்றில் சாய்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதை உணர்ந்து, அங்கே ஒரு கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னாலிருந்து புட்டியை நீட்டுவார்கள். சொரசொரப்பான அத்துணியில் தும்பிக்கையை அழுத்தியபடி கண் செருகிப் பால் இழுக்கும் குட்டிக்குத் தேவைப்படுவது தாயின் உருவம் அன்று, உடம்பின் ஒரு பரப்பு மட்டுமே என்று கண்டுகொண்ட நுட்பம் தேர்ந்த கைவினைஞருக்கே வாய்ப்பது. தாயின் நிழலில் நிற்க வாய்க்காத குட்டிகளின் மெல்லிய காதுகளுக்கு வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதும் இந்த நுணுக்கத்தைச் சேர்ந்ததே.

உடவளவைப் பாணி இதற்கு நேர்மாறானது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது வறண்டதாகவே தோன்றும். இலங்கையில் 1975இல் அமைந்த பின்னவலை இல்லத்தின் யானைகள் மனிதரிடையே வளர்ந்து மனிதரிடமே தங்கிவிட, உடவளவை முகாமோ தொடக்கம் முதலே காட்டைக் குறிக்கோளாகக் கொண்டது. கிணற்றில் விழுந்தும், சுருக்குக்கண்ணியில் காலிழந்தும், ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியால் தாயை இழந்தும் வந்து சேரும் குட்டிகளுக்கு மூன்று மணிக்கு ஒருமுறை பால் உண்டு, கொஞ்சல் இல்லை. கதவு திறந்ததும் காது விரித்து ஓடிவரும் குட்டியின் வாயில் ஒருவர் ரப்பர்க் குழாயின் நுனியைச் செருக, அதன் மேல்முனைப் புனலில் மற்றவர் பாலைச் சரிக்கிறார். அளவு முடிந்ததும் குழாய் உருவப்படுகிறது, இன்னும் வேண்டுமென்று முரண்டுபிடிப்பது விலக்கப்படுகிறது, அடுத்தது வருகிறது. பார்வையாளர்கள் தொலைவில் மேடையில் நின்று பார்க்கலாமே தவிரத் தொட முடியாது. பால் குடித்தவை நீர்த்தேக்கத்தை ஒட்டிய புதர்க்காட்டுக்குத் திரும்பித் தம்முள் யாரோடு யார் என்பதைத் தாமே முடிவு செய்துகொள்கின்றன.

அந்த இணக்கமே இப்பாணியின் உயிர்நிலை. சுமார் நான்கைந்து வயதில், 1998 முதல், அவை தனித்தனியாக அன்றி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குழுக்களாகவே காட்டில் விடப்பட்டு வருகின்றன; சிலவற்றின் கழுத்தில் பூட்டப்படும் வானொலிப்பட்டை அவற்றின் போக்கைத் தெரிவிக்கிறது. மனிதன் கொடுக்காமல் வைத்த பாசம் குட்டிகளுக்குள் முளைத்துவிடுகிறது என்பதால், கறாரான ரசனைக்கு உடவளவையே ஒரு படி மேலாகத் தோன்றும். முதுமலையில் பொம்மன், பெள்ளி தம்பதியர் ரகு என்னும் குட்டியை வளர்த்ததைச் சொல்லி 2023இல் ஆஸ்கர் வென்ற ஆவணப்படத்தில் கண்கலங்கியவர்களுக்கு இத்தீர்ப்பு கசக்கலாம். ஆனால் முகாம் யானையாகவே வாழப்போகும் குட்டியின் வளர்ப்பு வேறு கலை, அதன் அளவுகோலும் வேறு.

கென்யப் பாணியை அவ்வளவு எளிதில் இறக்கி வைத்துவிடவும் முடியாது. நைரோபியிலிருந்து சாவோ காட்டின் இதும்பா முகாமுக்கு மாற்றப்படும் குட்டிகள், பகலில் காட்டு மந்தைகளோடு பழகி, தம் விருப்பப்படி, சிலவேளை பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, விலகிச் செல்கின்றன. அப்படிப் போன பெண்யானைகள் காட்டில் ஈன்ற கன்றுகளோடு பழைய பராமரிப்பாளர்களைத் தேடி வருவதை உடவளவைப் பாணியில் ஊறியவர் அபஸ்வரம் என்றே கேட்பார். ஆனால் வந்தவை தங்குவதில்லை. கன்றை முன்னே விட்டு, முகாமின் தொட்டியில் நீர் குடித்து, மீண்டும் புதருக்குள் போய்விடுகின்றன. அந்தத் தொட்டியில், மனிதக் கையையே அறியாத காட்டு ஆண்யானைகளும் கோடைக்காலத்தில் வந்து நீர் குடிக்கின்றன.