தடைசெய்த கரையும் தவணை கேட்கும் கரையும்

2017 ஜூலையில் பாக்கு விரிகுடாவின் இரு கரைகளிலும் ஒரே தொழிலைப் பற்றி இரண்டு அரசுகள் முடிவு சொல்லின. மாதத் தொடக்கத்தில் இலங்கை நாடாளுமன்றம் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி, கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியை அடியோடு தடைசெய்தது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் தண்டம். மாதக் கடைசியில் ராமேசுவரம் வந்த இந்தியப் பிரதமர், இழுவைப் படகைக் கைவிட்டு ஆழ்கடல் சூரைமீன் படகுக்கு மாற முன்வந்தவர்களுக்கு முதல் ஆணைகளை வழங்கினார். மூன்றாண்டில் இரண்டாயிரம் படகுகள் மாறிவிடும் என்பது கணக்கு. ஐந்தாண்டு கடந்தும் கடலில் இறங்கிய புதுப் படகுகள் நூறைத் தொடவில்லை. இலங்கை துணிந்தது, இந்தியா தயங்கியது என்று இதற்குச் சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்வோர் உண்டு. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. ஒரு கரையில் தடை எளிதாக நிறைவேறியதற்கும் மறு கரையில் மாற்றம் இழுபடுவதற்கும் காரணம், இழுவைப் படகில் யாருடைய பணம் எவ்வளவு முடங்கிக் கிடக்கிறது என்பதுதான்.

தமிழ்நாட்டில் இழுவைப் படகு மீனவன் தானாகத் தேடிப்போன பொருளல்ல. 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தின் வழியில், அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில் அது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற ஏற, படகைச் சுற்றி ஐஸ் கம்பெனி, ஏற்றுமதி நிறுவனம், முன்பணம் கொடுத்துப் பிடிபாட்டைத் தன் பக்கம் கட்டிவைக்கும் வியாபாரி என்று ஒரு பொருளாதாரமே முளைத்தது. வட இலங்கையிலும் போருக்கு முன்பு இழுவைத் தொழில் இருந்தது. ஆனால் 1983க்குப் பிறகு கடல் தடைவலயங்கள், இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, கடற்படை அனுமதி, இடப்பெயர்வு என்று கால் நூற்றாண்டு போயிற்று. 2009க்குப் பின் கடலுக்குத் திரும்பியவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளும் வலைகளுமே. தென்னிலங்கையின் பெரிய முதலோ இழுவை மடிக்குப் போகாமல், பல நாள் கடலில் தங்கும் படகுகளுக்குப் போயிருந்தது. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் தனிநபர் பிரேரணையாக முதலில் கொண்டுவந்த தடை, கொழும்பில் எந்தப் பெரிய முதலாளியின் காலையும் மிதிக்கவில்லை. போர் வளரவிடாமல் வைத்திருந்த ஒரு தொழிலைத்தான் சட்டம் பிற்பாடு தடைசெய்தது. அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அதற்காக இலங்கை கொடுத்த விலை குறைவு.

இந்திய வழி வேறு. மடியைத் தொடாமல், அது போகும் தூரத்தையும் நாளையும் பருவத்தையும் வரையறுப்பது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகு உள்ளிட்ட விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பாக்கு விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறையும் உண்டு. ஊருக்குள் மோதலைத் தணிக்க இவை உதவின என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கடல் ஆழமற்றது, குறுகியது. ராமேசுவரத்திலிருந்து மூன்று மைலைத் தாண்டிய படகுக்கு, 1974இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட எல்லைக்கோடு வெகுதூரத்தில் இல்லை. அந்த இடைவெளிக்குள் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நாளில் மடி இழுத்தால் பிடிபாடு டீசலுக்கே போதாது. ஆக, உள்ளூர் நாட்டுப்படகைக் காக்க எழுதிய விதியே விசைப்படகை இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் தள்ளிவிடுகிறது. ராமேசுவரம் தொழிலுக்குப் போகும் இரவுகளில், வலை அறுந்துபோகும் என்று யாழ்ப்பாணத்து மீனவர் வலை போடாமல் கரையில் இருக்கிறார். தமிழ்நாட்டு அட்டவணை எந்த அரசாணையும் இல்லாமல் இன்னொரு நாட்டின் தொழில்நாட்களையும் தீர்மானிக்கிறது. தன் நாட்டுப்படகுக்குத் தமிழ்நாடு கொடுத்த நான்கு நாள் பாதுகாப்பு, வடபகுதிப் படகுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு, அது எங்கள் பாரம்பரியக் கடல், அந்த 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்ததால் வந்த வினை என்பது. பாரம்பரிய உரிமை உண்மை. இரு கரையாரும் நூற்றாண்டுகளாக ஒருவர் கடலில் ஒருவர் தொழில் செய்தார்கள். ஆனால் அந்தப் பழக்கம் பாய்மர வள்ளத்துக்கும் வலைக்கும் உரியது. கடலடியை உழும் மடிக்கு அதன் பெயரில் உரிமை கேட்பது பொருந்தாது. கச்சத்தீவு நாளையே திரும்பக் கிடைத்தாலும் படகுகள் போகும் இடங்கள், முல்லைத்தீவு வரை, அதற்கு அப்பால்தான் இருக்கின்றன. அரசியல் மேடைக்கு அந்தத் தீவு வசதியானது. இறாலைத் தேடி அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதைப் படகோட்டி அறிவார்.

இலங்கையிலும் இழுவை மடி ஓடுகிறதே என்ற இன்னொரு மறுப்புக்கு இலங்கைப் பக்கம்தான் பதில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் மன்னார்ப் பேசாலையிலும் சிறு இழுவைப் படகுகள் தடைச்சட்டத்துக்குப் பிறகும் முழுமையாக நிற்கவில்லை. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை கடல்வழியாக நடந்த போராட்டம், சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று சொந்த அரசிடமே கேட்டது. எங்கள் படகு சிறியது, இந்திய றோலரோடு (இழுவைப் படகோடு) ஒப்பிடலாமா என்று உரிமையாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. சேதத்தின் அளவு ஒன்றல்ல. ஆனாலும் இந்தியப் படகைக் கடற்படை பறிமுதல் செய்ய, உள்ளூர்ப் படகுக்கு மட்டும் விலக்கு என்றால், 2024இல் கைதான ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு மீனவர்களிடம் இது கடல்வளம் பற்றிய சட்டம் என்று எப்படிச் சொல்வது?

கைதாகிறவர்களில் பெரும்பாலோர் படகுக்குச் சொந்தக்காரர்களும் அல்ல. பங்குக்கோ கூலிக்கோ போகிறவர்கள். ஆழ்கடல் திட்டத்தின் பெரிய ஓட்டையும் இங்கேதான். 80 லட்ச ரூபாய்ப் படகில் எழுபது விழுக்காட்டை மத்திய, மாநில அரசுகள் ஏற்றன. மீதிக்கு உரிமையாளரின் கைப்பணமும் வங்கிக் கடனும். வேலை இழக்கும் கூலித் தொழிலாளிக்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஒருநாள் தொழிலுக்குப் பழகிய விரிகுடாக்காரரை வாரக்கணக்கில் தூண்டில் தொழிலுக்கு அனுப்ப, பணத்தோடு பழக்கமும் வேண்டும். குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது; அவர்கள் தலைமுறை கடந்து கற்றது மூன்றாண்டுத் திட்டத்தில் வந்துவிடாது. மானியம் கொடுத்து உருவாக்கிய படகை, அரசே விலை கொடுத்து வாங்கி உடைப்பதுதான் நேர்வழி. அந்த விலையில் ஒரு பகுதியைப் படகில் போனவர்களுக்கு நேராகக் கொடுக்க வேண்டும். செலவு பெரிது என்பார்கள். விற்பனைவரி நீக்கிய டீசல், தடைக்கால நிவாரணம், பறிமுதலான படகுக்கு இழப்பீடு என்று ஆண்டுதோறும் போகும் தொகையைக் கூட்டிப் பார்த்தபின் அந்தப் பேச்சை எடுக்கலாம். 2010இல் சென்னையில் கூடிப் பேசிய இரு கரை மீனவர்களும், இந்திய இழுவைப் படகுகளுக்கு இலங்கைக் கடலில் ஓராண்டுக்கு 70 நாள் மட்டும், அதன்பின் இழுவை மடி இல்லை என்ற அளவுக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த உடன்பாட்டைச் சட்டமாக்க எந்த அரசும் முன்வரவில்லை.