பங்களாவின் அச்சமும் பணியாளனின் மௌனமும்

பேய்க்கதை என்றதும் பாட்டி சொன்ன புளியமரமே நம் நினைவுக்கு வரும். அக்கதையை ஆங்கிலத்தில் இலக்கியமாக்கியோருள், நம் நாட்டில் வாழ்ந்து எழுதிய பெண்மணி ஒருவரும் உண்டு. அவர் திருமதி பி. எம். குரோக்கர். அயர்லாந்தில் பிறந்த இவ்வம்மையார், படை அதிகாரியான கணவருடன் 1877இல் இந்தியா வந்து, ஏறத்தாழ 14 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். குதிரையேற்றமும் விருந்துமாகத் துரைமார் குடும்பங்கள் பொழுது கழித்த உலகமே அவர் உலகம். செகந்திராபாத்தில் எழுதிய முதல் நாவல் 1882இல் வெளிவந்தது. குன்னூரை அடுத்த வெல்லிங்டனிலும் பல நூல்களை எழுதிய அவர், 1920இல் மறைந்தார்.

‘டு லெட்’ என்னும் அவரது கதைத் தொகுதி 1893இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் எரிக் ஸ்டென்பாக் பிரபுவின் ‘ஸ்டடீஸ் ஆஃப் டெத்’ லண்டனில் வெளியாயிற்று. பிரபுவின் திகில், இன்பம் தெவிட்டிய உள்ளத்தில் பிறப்பது. அம்மையாரின் திகிலோ சமையற்கட்டிலிருந்து புறப்படுவது.

டாக்கூர் என்னும் ஊரின் தபால் பங்களாவைப் பற்றிய கதையைப் பாருங்கள். அங்கே தங்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் கண்முன், முன்பு நடந்த கொலையொன்று மீண்டும் நிகழ்கிறது. கொலையாளி பங்களாவின் கான்சாமா. கொலையுண்டவன் ஆங்கிலேயப் பயணி. ‘கிட்மட்கார்’ கதையிலோ பரிமாறும் பணியாளனே ஆவியாக வருகிறான். சோறாக்குபவனையும் தட்டேந்துபவனையும் நம்பித்தான் துரைமார் உண்டனர், உறங்கினர். 1857க்குப் பின் அந்த நம்பிக்கைக்கு அடியில் அச்சம் குடிகொண்டது. அந்த அச்சத்திற்கு உருக்கொடுத்ததே அம்மையாரின் வெற்றி.

ஆயினும் குறையொன்று உண்டு. அப்பணியாளனின் நெஞ்சுக்குள் அவர் புகவில்லை. அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு, பசியும் மானமும் உண்டு என்பதைக் கதை எண்ணிப் பார்ப்பதில்லை. எசமானை அச்சுறுத்தும் அளவிற்கே அவனுக்கு அங்கு இடம்.

இது நமக்கு அயலார் கதையன்று. 1809இல் பெங்களூரில் தண்டு அமைந்தபின் சிப்பாய்களாகவும் பட்லர்களாகவும் சமையற்காரர்களாகவும் வந்த தமிழர் பலர். அல்சூரிலும் மர்பி டவுனிலும் வாழும் நம்மவருள் அவர்கள் வழிவந்தோர் உண்டு. துரைசானி எழுதிய இரவை நாம் படிக்கலாம். அதே இரவில் அடுப்படியில் விழித்திருந்தவன் கண்டது என்ன? அதனை எழுதும் கடமை நம் வீட்டுப் பிள்ளைகளுடையது. முதியோர் நினைவில் இருக்கும்போதே அவர்கள் கேட்டு எழுதட்டும்!