கதைக்கு ஐந்து பருவம்

ஞாயிறுதோறும் அல்சூரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு நாள் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லி முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், இதுல கிளைமாக்ஸ் எது? இங்கிலீஷ் மிஸ் எக்ஸ்பொசிஷன், ரைசிங் ஆக்‌ஷன்னு அஞ்சு சொல்லிக்கொடுத்தாங்க. தமிழ்ல அதுக்குப் பேரு இருக்கா?" தொடக்கம், ஏற்றம், உச்சம் என்று சமாளித்தேன். "அது டிரான்ஸ்லேஷன் சார்" என்றாள். சுருக்கென்றது.

பெயர் இருக்கிறது, அந்தச் சிலப்பதிகாரத்தின் உரையிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த அடியார்க்குநல்லார் உரையில், நாடகத்தின் ஐந்து சந்திகள் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று வருகின்றன. உரையாசிரியர் அவற்றை விளக்குவது வயலை வைத்து. உழுத மண்ணில் விதை முளைப்பது முகம். முளை நாற்றாவது பிரதிமுகம். பயிர் கருக்கொள்வது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

முதல் மூன்று பெயர்களும் வடமொழி நாட்டிய நூல் வழக்கிலிருந்து வந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே விமர்சம், நிர்வகணம் என்றிருக்கும் கடைசி இரண்டும் இங்கே விளைவாகவும் துய்த்தலாகவும் நிற்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிச் சொல்தான்.

பள்ளியில் வரையும் கூம்பு, ஜெர்மானியரான குஸ்தவ் ஃப்ரைடாக் 1863இல் நாடகத்துக்காக வகுத்தது. நடுவில் உச்சி; பிறகு இறக்கம். இதைச் சிலம்பின் மேல் வைத்தால் என்ன ஆகிறது? கொலைக்களமா வழக்குரையா உச்சி என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். எது ஆனாலும் வஞ்சிக் காண்டத்தின் ஏழு காதைகளும் வெறும் இறக்கம், வால். "அந்தப் பார்ட் போர் சார்" என்றான் ஒருவன்.

வயலை வைத்துப் பார்ப்போம். நான்காம் காதையிலேயே கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை; அது விதை. கானல்வரிப் பிரிவும், சிலம்பை நம்பிப் புகாரை விட்டுப் புறப்படுவதும் நாற்று. மதுரைப் பயணம் கருப்பம். கொலையும் வழக்கும் தீயும் விளைவு. இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து, கங்கையில் நீராட்டி, கண்ணகியைத் தெய்வமாக நிறுத்துவது துய்த்தல். வாலாகத் தெரிந்தது அறுவடையாகிவிட்டது! இது என் பகுப்பு, மாற்றியும் பகுக்கலாம்.

இதிலும் சிக்கல் உண்டு. நம் பிள்ளைகளுக்கு நாற்றும் தெரியாது, தூற்றுவதும் தெரியாது. போரடித்தலை விளக்க நான் திணறியபோது ஒரு பையன், "ஊருக்குப் போறப்ப ரோட்டுலயே ராகியைப் பரப்பி வண்டியை ஏறவிடுவாங்களே, அதுவா சார்?" என்றான். அதேதான் தம்பி! பெங்களூரைத் தாண்டினால் பாடநூல் சாலையிலேயே கிடக்கிறது.

இன்னொன்று. இந்த ஐந்தையும் கட்டம் போட்டு நிரப்ப வைத்தால் கூம்புக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கேள்வியாகப் பயன்பட வேண்டும். கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்தோம். உச்சியைத் தேடியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. "சரி, விதை எங்கே?" என்றேன். தொடக்கத்தில் குழந்தைகள் 'என்கிட்ட இருக்கு, உன்கிட்ட இருக்கா' என்று போட்டி போடும் விளையாட்டை அதே மாணவி காட்டினாள். கடைசியில் அந்தச் சிறுமி சொல்லும் ஒரே வாக்கியத்தில் அது விளைந்து நிற்கிறது. அறுத்து உண்பதை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிட்டார். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

ஆங்கிலச் சொற்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு அவை வேண்டும். ஆனால் தமிழுக்கு இதெல்லாம் இல்லை என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை வளரக் கூடாது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் கதை சொல்லி முடித்ததும், "இதுக்கு விதை எங்க இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். துய்த்தல் என்றால் என்ன என்பது அப்போது நமக்கும் விளங்கும்.